பஞ்சு வைக்காத கணக்கு

கம்பெனியின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி எஸ்டிமேஷன் பிரிவுப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் நான் பேச்சை முடித்தேன் என்றால் என் வீட்டுக்காரரே நம்பமாட்டார். அதனால் எத்தனை பக்கம் வருகிறதோ வரட்டும், வெட்டுவது அவர்கள் பாடு.

கேட்டதற்குக் காரணம் உண்டு. புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். தண்ணீர் அறிக்கையை உள்ளே போட்டால், டீ ஆறுவதற்குள் ‘ஒரு கிலோலிட்டருக்கு இத்தனை யூனிட் கரண்ட்’ என்று பதில் வந்துவிடுகிறதாம். “நீங்கள்லாம் இத எப்டி மேடம் கையால போட்டீங்க?” என்று ஒரு பிள்ளை வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். குரலில் கற்கால மனுஷியைக் கண்டுபிடித்துவிட்ட வியப்பு. அடப்பாவி, நான் ரிட்டையராகி என் ஐ.டி. கார்டு கயிறுகூட இன்னும் நைந்துபோகவில்லை!

சரி, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பானுமதி. ஒரகடத்தில், உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் ஆர்.ஓ. ஆலைகளைச் செய்து தரும் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஓர் ஆலை எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று அது கட்டப்படுவதற்கு முன்பே சொல்வது என் வேலை. கடலே இல்லாத ஊரில் உப்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று என் அண்ணியிலிருந்து எல்லோரும் கேட்டாயிற்று. ஆழ்துளைக் கிணறு போட்டவர்களைக் கேளுங்கள், வாய் கரிக்கக் கரிக்கச் சொல்வார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிப்ளமோ முடித்தேன், சேர்ந்தேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன்.

கணக்கு கேட்பதற்கு எளிது. உப்புத் தண்ணீரை மெம்பிரேன் என்கிற சவ்வின் மேல் அழுத்தித் தள்ளினால் உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும், நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். தள்ளுவது பம்ப். உப்பு கூடினால் அதிகமாகத் தள்ள வேண்டும். தண்ணீர் குளிர்ந்தாலும் அதிகமாகத் தள்ள வேண்டும். அதிகமாகத் தள்ளினால் அதிகக் கரண்ட். இதோடு மருந்து கலக்கும் குட்டி பம்ப், வடிகட்டியைக் கழுவும் பம்ப் என்று சில்லறைச் செலவுகளையும் சேர்க்க வேண்டும். கடைசியில் வகுத்தல். அங்கேதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். பத்துக் குடம் உள்ளே போனால் ஏழு குடம்தான் நல்ல தண்ணீராக வரும், மிச்சம் மூன்றும் உப்பைச் சுமந்துகொண்டு கழிவாகப் போகும். பத்துக் குடத்துக்கும் ஆன கரண்டை ஏழு குடத்தின் தலையில்தான் கட்ட வேண்டும். பிள்ளைகள் பத்தால் வகுத்துவிட்டு, “எவ்ளோ கம்மியா வந்துட்ச்சு பாத்தீங்களா மேடம்” என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

ஆனால் இந்த வேலையில் கணக்கு தப்பாவதற்குக் கணிதம் மட்டும் காரணம் இல்லை. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையிலிருந்து போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தது, பரிசோதித்தோம். இளநீர் மாதிரி இருக்கிறது! இதற்கு எதற்கய்யா ஆர்.ஓ. என்று சந்தேகப்பட்டு நேரில் போனேன். பாட்டிலை நிரப்பி அனுப்பிய சூப்பர்வைசர் கொஞ்சமும் அசரவில்லை.

“போர் தண்ணி மஞ்சளா கீது மேடம். அத்த போய் லேபுக்கு அனுப்புவாங்களா? நம்ம கம்பெனிய பத்தி இன்னா நெனப்பாங்க? அதான் கேண்டீன் கேன் தண்ணியா பாத்து ரொப்பி அனுப்சேன்.”

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுகிற அதே மரியாதை. அவரைத் திட்டவும் முடியவில்லை. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் பாட்டிலை நானே கையில் பிடித்து, அதே தண்ணீரில் அலம்பி, நானே நிரப்பிக்கொண்டு வருவேன். பின்னால் வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது சம்பந்தம் சாருக்கு வருகிறேன். அவர் எங்கள் பிரிவின் மேலாளர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கத்துகிற மேலாளரைச் சமாளித்துவிடலாம், கத்தாதவரை என்ன செய்வது? நாம் எதிரே போய் நின்றால் நிமிர்ந்து பார்க்கமாட்டார். பிளேடால் பென்சில் சீவிக்கொண்டிருப்பார். துருவல் மேஜையில் விழும், அதை ஒரு கையால் கூட்டி இன்னொரு கையில் வாங்கிக் குப்பைக் கூடையில் போடுவார். அதுவரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். பிறகு எஸ்டிமேட்டை வாங்குவார். பக்கங்களைப் புரட்டமாட்டார். நேராகக் கடைசிப் பக்கம், கடைசி வரி. அங்கே இருக்கும் எண்ணை ஒரே கோடாக அடித்துவிட்டு, பத்து சதவீதம் குறைத்துப் பக்கத்தில் எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போடுவார்.

“கொஞ்சம் எடுத்திருக்கேன்.”

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று கேட்க முடியாது. அடுத்த பென்சிலை எடுத்துவிடுவார். நாங்கள் இதற்குச் சவரம் என்று பெயர் வைத்திருந்தோம்.

சவரம் உண்டென்றால் முடி வளர்க்கத்தானே வேண்டும்? எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்ததில்லை. பஞ்சு வைப்பது என்று அதற்குப் பெயர். தண்ணீர்க் கணக்குப் போடுகிறவர் அழுத்தத்தில் கொஞ்சம் கூட்டி வைப்பார். பம்ப் தேர்வு செய்யும் கோபால் அதன்மேல் கொஞ்சம் கூட்டுவார். மோட்டார்க்காரர் தன் பங்குக்கு. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டும் நான் மட்டும் என்ன, அரிச்சந்திரனுக்கு அக்காவா? நானும் ஒரு பிடி வைப்பேன்.

“கோபால், பஞ்சு வச்சாச்சா?”

“வெக்காம இன்னா மேடம்? சார்தான் கத்திய எடுத்துகினு உக்காந்துகினு கீறாரே!”

கோபால் சுங்குவார்சத்திரத்துக்காரர். நல்ல மனுஷர், வாய் கொஞ்சம் நீளம்.

சார் குறைப்பார் என்று நாங்கள் கூட்டினோம், நாங்கள் கூட்டுவோம் என்று அவர் குறைத்தார். இரண்டும் சேர்ந்து எண் ஏறக்குறைய சரியான இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பஞ்சு வைத்த அழுத்தத்துக்குத்தான் பம்பும் வாங்குவோம். அது வேண்டியதைவிடப் பெரிதாக வந்து நிற்கும். அதன் வாயிலிருக்கும் வால்வைப் பாதி மூடி ஓட்டுவோம். ஒரு காலால் ஆக்சிலரேட்டரையும் இன்னொரு காலால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிற கதைதான். கொடுத்த எண்ணுக்குள் அடங்கிவிடுவதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்படியே காலம் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் முத்துச்செல்வி வந்து சேர்ந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வருவாள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, ப்ரொபேஷன். அவளுக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

“எங்கப்பா ஒரே சொல்லாச் சொல்லிட்டாங்க மேடம். வேல நிரந்தரமானா அங்கன இரு, இல்லன்னா பேசாம ஊருக்கு வந்துரு, தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதலாம்னு. நான் திரும்பிப் போக மாட்டேன், பாத்துக்கிடுங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. தயிர் சாதத்திடம் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

என் மகளுக்குப் பிரசவம் என்று நான் விடுப்பில் போனேன். பேரன் பிறந்தான், அதைப் பற்றித் தனியாக ஒரு மலரே போடலாம், வேண்டாம். அந்த நேரம் பார்த்து வல்லம் வடகாலில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை டெண்டர் விட்டது. பெயிண்ட் அடிக்கும் பிரிவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். கொடுக்கிற எண்ணுக்குள் ஆலை ஓடிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளமாட்டோம் என்று நிபந்தனை. அவசரம். கோபாலும் வேறு சைட்டில். முழு எஸ்டிமேட்டும் முத்துச்செல்வி தலையில் விழுந்தது.

விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது பிரிவில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டெண்டர் நமக்கே! எல்லோரையும்விடக் குறைந்த கரண்ட் கணக்கு நம்முடையதாம். முத்துச்செல்வி முகமெல்லாம் சிரிப்பாக ஒரு லட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நானும் வாயில் போட்டுக்கொண்டே கேட்டேன்.

“சபாஷ்டி! பஞ்சு எவ்ளோ வச்ச?”

“என்ன பஞ்சு மேடம்?”

லட்டு பாதியில் நின்றுவிட்டது. “சார் பத்து எடுத்தாரா?” என்று கேட்டேன்.

“ஆமா மேடம். எதுக்குன்னு எனக்கு வெளங்கல. பெரியவங்க எடுத்தா ஒரு காரணம் இருக்கும்லா?”

அவளுடைய எஸ்டிமேட்டை வாங்கி மேஜையில் விரித்தேன். தண்ணீர் பாட்டிலை அவளே போய் நிரப்பியிருக்கிறாள். தண்ணீர் எத்தனை டிகிரி என்று அங்கேயே தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்திருக்கிறாள். உப்பு, அழுத்தம், பம்ப், மோட்டார், சில்லறைச் செலவு எல்லாம் உள்ளது உள்ளபடி. சரியாக ஏழு குடத்தால் வகுத்திருந்தாள். எங்கே தேடியும் ஒரு துளி பஞ்சு கிடையாது. தோலும் எலும்புமாக நின்ற அந்த எண்ணின்மேல் சாரின் சவரக் கத்தி விழுந்திருந்தது. ரத்தம் வராத குறைதான்.

கோபால் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஐயையோ! இந்த நம்பருக்கு அந்த ஆண்டவனே வந்தாலும் ஓட்ட முடியாது மேடம். ஒண்ணு பண்ணலாம். புதுப் பொண்ணு, கைப்பிசகா போட்டுட்ச்சுன்னு கஸ்டமருக்கு ஒரு மெயில் தட்டிட்டா போச்சு. கம்பெனி தப்ச்சிக்கும்.”

“அவ?”

“ப்ரொபேஷன்தானே மேடம். வேற எடம் பாத்துக்கும்.”

முத்துச்செல்வி அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். லட்டு டப்பாவை மூடினாள்.

“நான் தப்பாப் போடலியே மேடம். நீங்களே பாத்தீங்கள்லா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபாலைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஆனால் அவர் சொன்னதில் இருந்த பயங்கரம் எனக்குப் புரிந்தது. அது நடக்கக்கூடிய யோசனை. கஸ்டமரும் ஒத்துக்கொள்வார், கம்பெனியும் தப்பிக்கும், இந்தப் பெண் மட்டும் கோவில்பட்டி பஸ் ஏறிவிடுவாள். மொத்தப் பிரிவிலும் பொய் சொல்லாத ஒரே ஆளைத் தப்புக் கணக்குப் போட்டவள் என்று சொல்லி அனுப்புவது. அதைத் தடுக்க ஒரே வழி, சாரிடம் போய் இந்த எண்ணில் பஞ்சு இல்லை என்று சொல்வது. சொன்னால், மற்ற எண்ணில் எல்லாம் இருந்ததா என்ற கேள்வி வரும். இத்தனை வருடங்களாக யாரும் திறக்காத கதவு அது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். சார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். துருவலைக் கூட்டிக் குப்பைக் கூடையில் போடும்வரை காத்திருந்தேன்.

“பேரன் எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கான் சார். சார், வல்லம் வடகால் நம்பர்ல பத்து எடுத்தீங்க.”

“எப்பவும் எடுக்கறதுதானே.”

“அதுல எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்.”

பிளேடு நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கண் இந்த நிறம் என்றே எனக்கு அன்றுதான் தெரியும்.

“அப்ப மத்ததுல இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

“எப்பலேர்ந்து?”

“நான் சேந்ததுலேர்ந்து சார். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

“உங்களுக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும் சார்.”

“அப்புறம் என்னத்துக்கு இப்ப வந்து சொல்றீங்க?”

“இந்தப் பொண்ணுக்கு அது தெரியாது சார். உண்மையப் போட்டுக் குடுத்துட்டா.”

அவர் கையை நீட்டினார். எஸ்டிமேட்டைக் கொடுத்தேன். நான் பார்த்த காலத்தில் முதல் முறையாக, சம்பந்தம் சார் ஓர் எஸ்டிமேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒவ்வொரு வரியின்மேலும் பென்சில் முனை ஊர்ந்து போனது. தண்ணீரின் சூடு எழுதியிருந்த இடத்தில் நின்று, யார் பார்த்தது என்று கேட்டார். அவளே போய்ப் பார்த்தாள் என்றேன். பம்ப் பக்கத்தில் நின்று, தனியாக ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, தான் அடித்த கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“ஒண்ணுமே சேக்கலியே இந்தப் பொண்ணு” என்றார். திட்டுகிற குரலா மெச்சுகிற குரலா என்று எனக்குப் பிடிபடவில்லை. “நீங்க போங்க பானுமதி. நான் பாக்கறேன்.”

நான் பார்க்கிறேன் என்று ஒரு மேலாளர் சொன்னால் அதற்கு ஆயிரம் அர்த்தம் உண்டு.

மறுநாளே எம்.டி. கூட்டம் போட்டார். அதற்குள் விஷயம் மார்க்கெட்டிங் வரை போய்விட்டது. கோபால் சொன்ன அதே யோசனையை, மார்க்கெட்டிங்காரர் டை கட்டிக்கொண்டு சொன்னார். ட்ரெய்னி செய்த பிழை என்று எழுதினால் மரியாதையாகத் திருத்திக்கொள்ளலாம் என்றார். முத்துச்செல்வி மேஜையின் கோடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தம் சார் பேசினார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

“பிழை அந்தப் பொண்ணு பண்ணல. அது போட்ட நம்பர் சரி. நான் படிக்காம குறைச்சேன். கையெழுத்து என்னுது.”

மேலாளர்கள் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை, அதனால் அடுத்து என்ன செய்வதென்று எம்.டி.க்கே தெரியவில்லை. கடைசியில் அவர் சொன்னார்: “அப்ப அந்த நம்பர்ல நீங்களே ஓட்டிக் காட்டுங்க சம்பந்தம். ஓடலன்னா பதில் சொல்ல வேண்டியது நீங்க. அந்தப் பொண்ணோட கன்ஃபர்மேஷனும் அது வரைக்கும் நிக்கட்டும்.”

ஆக, ஒரு தலைக்குப் பதில் இரண்டு தலை கத்திக்குக் கீழே வந்தது.

வேலை ஆரம்பித்தது. சும்மா சொல்லக்கூடாது, கோபால் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக உழைத்தார். முத்துச்செல்வியின் அழுத்தத்துக்குச் சரியாகப் பொருந்துகிற பம்ப் ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஒரு பிடி கூட, ஒரு பிடி குறைய இல்லை. ஆர்டர் போடும்போது, “ஒண்ணியும் சேக்காம பம்ப் வாங்கறது ட்ரெஸ் போடாம தெருவுல போற மாதிரி கீது மேடம்” என்றார். மிச்சம் குறைய வேண்டிய பத்துக்கு முத்துச்செல்வியும் சாரும் எதிரெதிரே உட்கார்ந்து வழி தேடினார்கள். மெம்பிரேன்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொன்றின் மேலும் சுமை குறையும், அழுத்தமும் குறையும் என்றாள் அவள். குழாயைக் கொஞ்சம் அகலமாக்கலாம் என்றார் அவர். அவளுக்கு ஒரு பென்சில் சீவிக் கொடுத்தார். எனக்கு அந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை, இதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

சோதனை ஓட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் வல்லம் வடகால் போனோம். கஸ்டமர் தரப்பில் மீட்டர் பார்ப்பவர் தனசேகர், உள்ளூர்க்காரர், யாரையும் நம்பாத ரகம். ஆலை ஓடியது. எங்கள் கம்பெனி சரித்திரத்திலேயே வால்வு முழுதாகத் திறந்திருக்க ஓடிய முதல் பம்ப் அதுதான். சத்தமே வேறாக இருந்தது. ஆனால் எண் ஒரு முடி அளவு மேலேதான் நின்றது. ஒரு முடி என்றாலும் மேலே மேலேதானே? தனசேகர் உதட்டை இறுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். சம்பந்தம் சார் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். முத்துச்செல்வி மீட்டர் முன்னால் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ தெரிந்த சாமிகளின் பெயரெல்லாம் தீர்ந்துவிட்டது.

முத்துச்செல்விதான் முதலில் கவனித்தாள்.

“மேடம், இது என்னது? நல்லா ஓடிட்டு இருக்கும்போதே திடீர்னு ஏறுது, கொஞ்ச நேரத்துல இறங்கிருது. எந்தப் பம்பும் புதுசா ஓடலியே?”

அந்த நேரம் பார்த்து ஆபரேட்டர் அறையிலிருந்து ஒரு பையன் ஆவி பறக்கும் பாத்திரத்தோடு வெளியே வந்து, “டீ வேணுமா சார்?” என்றான்.

எல்லோரும் அந்தப் பாத்திரத்தையே பார்த்தோம். அறைக்குள் போய்ப் பார்த்தால் இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு ஏ.சி., சுவர் முழுக்க செல்போன் சார்ஜர். அந்தத் தொழிற்சாலை எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி தனியாக ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் ஆலையின் மின் பேனலிலேயே கொடுத்துவிட்டிருக்கிறார். எங்கள் மீட்டர் இத்தனை நேரமும் தண்ணீரோடு டீயையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தது. சின்ன ஆலை, அதில் ஓர் அடுப்பும் ஏ.சி.யும் சேர்ந்தால் சும்மாவா?

தனசேகர் அதுவரை சிரித்து நான் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “டீ போட்ற கரண்ட்டயும் தண்ணி கணக்குல எழுதிகினு கீறேனா நானு? அத்த கழட்டுங்கடா மொதல்ல!”

கழற்றினார்கள். சோதனை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. டீ இல்லாமல் ஆபரேட்டர் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சம்பந்தம் சார் வெளியே நடந்து போய்க் கடையிலிருந்து எல்லோருக்கும் டீ வாங்கி வந்து கொடுத்தார். எண் இறங்கியது. கொடுத்த வாக்குக்குக் கீழே, ஒரே ஒரு முடி அளவு கீழே வந்து நின்றது. தனசேகர் கையெழுத்துப் போட்டார். முத்துச்செல்வி என் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவளுக்குக் கன்ஃபர்மேஷன் வந்தது. இந்த முறை லட்டை நான் வாங்கினேன். கதை இங்கே முடிந்திருந்தால் நானும் பிள்ளைகள் கேட்ட நீளத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த முதல் டெண்டருக்கும் முத்துச்செல்விதான் எஸ்டிமேட் போட்டாள். கொண்டுபோய் சாரிடம் வைத்தாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்துக்குப் போனார், பென்சிலை எடுத்தார், எண்ணின்மேல் கொண்டுபோனார். அப்படியே கொஞ்ச நேரம். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கோடும் போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். “நீ போட்டா சரியாத்தான் இருக்கும்மா” என்று அவர் சொன்னது வெளியே எனக்கே கேட்டது.

வெளியே வந்த பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. பாராட்டு வாங்கின முகமா அது!

“என்னடி ஆச்சு?”

“மேடம், நான் பஞ்சு வச்சிருந்தேன்.”

“என்னது?”

“எனக்காக அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அவுக பேர் கெட்டுச்சுல்லா மேடம். இன்னொரு தடவ பத்து எடுத்து, மறுபடியும் அவுக மாட்டிக்கக் கூடாதேன்னு நானே பத்து சேத்து வச்சேன். அவுக பாத்தா, எடுக்கவே இல்ல!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் போட்டா சரியாத்தான் இருக்கும்ங்காங்க மேடம். நான் என்ன செய்யட்டும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. ஒருவருக்கொருவர் செய்துகொண்ட மரியாதையில் அந்த எண் பத்து மாதக் கர்ப்பிணி மாதிரி நிற்கிறது. “போ, உள்ள போய் உள்ளதச் சொல்லு” என்று அவளைத் திருப்பி அனுப்பினேன். போனாள். அவள் பேசுவதும், அவர் கேட்பதும் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

பிறகு எழுந்து, அந்தத் தாளோடு அவரே என் மேஜைக்கு வந்தார். பக்கத்தில் கோபாலும் இருந்தார்.

“இந்தப் பொண்ணு எனக்காகப் பத்து வச்சுதாம்” என்றார். “இத்தனை வருஷமா நீங்கள்லாம் வச்சீங்களே பானுமதி, அதுல எனக்காக வச்சது ஒண்ணாவது உண்டா?”

கோபால் எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். எனக்குக் குனியவும் வழியில்லை.

“இல்ல சார்” என்றேன். “எல்லாம் உங்களுக்குப் பயந்து வச்சதுதான்.”

அவர் தலையை ஆட்டினார். தாளை என் மேஜையில் வைத்து, பத்தை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அன்று முழுக்க அவர் பென்சில் சீவவில்லை.